இரண்டும் வேண்டும் என்றேன்

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னில் பள்ளியின் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரி கல்லூரியாகக் கடிதம் எழுதினேன். எல்லாக் கடிதத்திலும் இரண்டே கேள்விகள். உங்கள் கணிதப் பிரிவு எப்படி? உங்கள் பெண்கள் சாஃப்ட்பால் அணி எப்படி? சாஃப்ட்பால் என்பது பேஸ்பாலின் தங்கை மாதிரி ஒரு மட்டைப் பந்தாட்டம். ஓர் இடத்தில் கணிதம் நல்ல பெயர் எடுத்திருந்தது, அணியோ பேருக்கு இருந்தது. ஓர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் அணி புலி, ஆனால் கணிதத்தில் பட்டம் கிடையாது. சிட்னியில் ஒரே ஒரு பல்கலைக்கழகத்தில்தான் இரண்டும் இருந்தன. அங்கிருந்து வந்த பதிலில், சனிக்கிழமை எங்கள் பயிற்சியாளர் மெல்பேர்ன் வருகிறார், தேர்வு ஆட்டத்துக்கு வா, அணியில் சேர்த்தால் விடுதியில் இடமும் உண்டு என்று எழுதியிருந்தார்கள்.

அந்தப் பதிலை வீட்டு விலாசத்துக்கு வரவழைத்தது என் மடத்தனம். எங்கள் வீட்டில் யார் பெயருக்குக் கடிதம் வந்தாலும் உடைப்பவர் அப்பா.

“படிக்கப் போறியோ, பந்தடிக்கப் பொல்லுத் தூக்கப் போறியோ?”

“ரெண்டும் வேணும் அப்பா.”

அறைந்தார். “ஆத்தில ஒரு கால், சேத்தில ஒரு காலோ? படிப்போ பொல்லோ, சொல்லு.”

“ரெண்டும்.”

மறுபடி அறை. அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் நான் பிடித்ததற்கும் மூன்றுதான். ஐந்தாவது அறைக்கு, உட்கார்ந்திருந்த கதிரையோடு விழுந்தேன். குசினி வாசலில் நின்ற அம்மா, “காணும், விடுங்கோ. பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போகுது” என்றார். அம்மாவுக்கு என் கன்னத்தைவிட அடுத்த வீட்டுக் காதுதான் பெரிதாக இருந்தது. இரண்டு பேரையும் அன்று வெறுத்தேன்.

சனிக்கிழமை, நூலகத்துக்கு என்று பொய் சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனேன். வீங்கிய கன்னத்தை, பந்து படாமலிருக்கப் போடும் முகக்கவசம் மறைத்தது. நான் கேட்சர், மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவள். ஓடி வருகிறவள் கடைசித் தளத்தை மிதிக்கும் முன் பந்தோடு அவளைத் தொட்டுவிட்டால் அவள் அவுட். மெல்லத் தொட்டாலே போதும்.

கடைசி இன்னிங்ஸில், மூன்றாம் தளத்திலிருந்து ஒரு மெலிந்த பெண் என்னை நோக்கி ஓடி வந்தாள். அவளும் அதே இடத்துக்காக வந்தவள்தான். அவளுக்கு முன்பே பந்து என் கையுறைக்குள் வந்துவிட்டது. தோளைத் தொட்டிருக்கலாம், அதற்கு நேரம் இருந்தது. நான் பந்தை இறுக்கிப் பிடித்து, கையை ஓங்கி, அவள் முகத்தில் அறைந்தேன். அவள் மண்ணில் குப்புற விழுந்தாள். எழுந்து துப்பியபோது இரத்தத்தோடு ஒரு பல்லும் விழுந்தது.

எனக்கு இனித்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இரண்டு மூச்சு விட்ட பிறகுதான் என் கையைப் பார்த்தேன். அந்தக் கைவீச்சு எனக்கு நன்றாகத் தெரிந்த கைவீச்சு. அதை ஐந்து முறை எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்திருந்தேன்.

பயிற்சியாளர் என் முதுகில் தட்டினார். இப்படி அஞ்சாதவள்தான் தனக்கு வேண்டும், சிட்னிக்கு வா என்றார். கணிதமும் கிடைத்தது, அணியும் கிடைத்தது. அந்தப் பெண் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தாண்டிப் போனேன். எங்கள் வீட்டில் அடித்தவர்கள் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.