ஓடும் பேருந்தில் பூட்டிய பட்டியல்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டு, பொறியியல் கலந்தாய்வில் என் முறை வந்தபோது எங்களுக்கு மூன்று நாள் அவகாசம் இருந்தது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்று விருப்பப்படி கைப்பேசியில் வரிசையாக அடுக்கி, கடைசியில் பூட்ட வேண்டும். பூட்டாமல் விட்டால் கடைசியாகச் சேமித்து வைத்த வரிசையே இறுதியாகிவிடும். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. அதனால் அப்பா, அம்மா, நான் மூவரும் சேர்ந்துதான் தேர்ந்தெடுப்பது என்று முடிவானது.

அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். திருவண்ணாமலைக்கும் வேலூருக்கும் நடுவில் பல வருடங்களாக ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா வேங்கிக்காலில் புதிதாக எழும்பும் வீடுகளில் சித்தாள். கல்லூரிகளைப் பற்றி எனக்கு இணையத்தில் படித்தது மட்டும் தெரியும். அப்பாவுக்கோ அவர் தடத்தில் இருந்த கல்லூரி ஒவ்வொன்றையும் தெரியும், ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த விதத்தில்.

திரையில் ஒரு பெயரைத் தொட்டு, “இந்த காலேஜ் பசங்க பஸ்ல ஏறசொல்லவே தூங்கி வழியும். வேலூர் பக்கம் இருக்குதே, அந்த காலேஜ் பசங்க நின்னுக்கினே படிச்சினு வரும். பரீட்சை இல்லாத நாள்லயும்தான். அத மேல போடு” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தேடிப் பார்த்தால் அந்தக் கல்லூரியின் தேர்ச்சியும் நன்றாகவே இருந்தது. ஆனாலும் நான் சென்னைக் கல்லூரி ஒன்றை, கணினிப் பிரிவை, முதலிடத்தில் வைத்திருந்தேன். என் தோழிகள் எல்லோருமே அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

“பாக்காம கொள்ளாம எப்டி போடறது? ஒரு பொடவ எடுக்கறதுனாலும் பிரிச்சிப் பாக்கறமா இல்லையா?” என்றாள் அம்மா.

இரண்டாம் நாள் அப்பாவுக்கு விடுமுறை. மூவரும் அவர் சொன்ன வேலூர் பக்கத்துக் கல்லூரியைப் பார்க்கக் கிளம்பினோம். வேறொருவர் ஓட்டும் பேருந்தில் பயணியாக உட்கார அப்பாவுக்கு வரவில்லை. வேகத்தடை வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் தானாக, இல்லாத பிரேக்கை அழுத்தியது.

கல்லூரியில் ஒரு பேராசிரியை எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டினார். அம்மா முதலில் விடுதியின் கழிப்பறைகளைப் பார்த்தாள், பிறகு தண்ணீர்த் தொட்டியை. திரும்பும் வழியில் கட்டடப் பொறியியல் பிரிவின் ஆய்வுக்கூடம் திறந்திருந்தது. உள்ளே இரண்டு மாணவிகள் ஒரு கான்கிரீட் கட்டையை இயந்திரத்தில் வைத்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா நின்றுவிட்டாள். “இது இறுக எத்தினி நாள் தண்ணி ஊத்துனீங்க?”

“இருபத்தெட்டு நாள் தண்ணிக்குள்ளயே கெடந்துச்சும்மா” என்றார் பேராசிரியை.

“எங்க சைட்டுல ஒரு வாரம் ஊத்துனா பெரிசு.”

பேராசிரியை அம்மாவிடம் கலவையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். மணல் எவ்வளவு, ஜல்லி எவ்வளவு, தண்ணீரை யார் அளப்பது என்று கேட்கக் கேட்க அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். அப்போது கட்டை உடைந்தது. பட்டென்ற அந்தச் சத்தம் என் நெஞ்சில் அடித்தது. நான்கு பக்கமும் பட்டை பட்டையாய் உதிர்ந்து, நடுவில் உடுக்கை போல இடுப்பு சிறுத்த ஒரு துண்டு மட்டும் நின்றது. ஏன் அந்த வடிவத்தில் நிற்கிறது என்று கேட்டேன். ஒரு பதில் வந்தது, அதிலிருந்து இன்னொரு கேள்வி வந்தது. அப்பா வந்து தோளைத் தொட்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.

திரும்பும் பேருந்தில், அந்தக் கல்லூரியையும் அந்தப் படிப்பையும் முதலிடத்தில் வைக்கலாமா என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

“வெயில்ல காயறதுக்கா உன்ன படிக்க வெச்சேன்?” என்றாள் அம்மா. “வீட்ல ஒருத்தி சிமெண்ட்ல நிக்கறது போதாதா?”

படிப்பைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டேன், கட்டை உடைந்த கதையை மட்டும் வீடு வரை விடவில்லை. சென்னைக் கணினி முதலிடத்திலேயே கிடந்தது.

மூன்றாம் நாள் மாலை ஐந்து மணியோடு அவகாசம் முடிகிறது. மூன்று மணிக்கு அம்மா வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, அடி அண்ணாமலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முழங்கையில் சிமெண்டு காய்ந்திருந்தது.

“அந்த கட்ட ஒடைக்கிற படிப்பையே மேல போடு” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. “நேத்து வேணாம்னியேம்மா?”

“ரெண்டு வருசமா சென்னைக்குப் போறேன், சென்னைக்குப் போறேன்ற. அங்க போயி இன்னா படிக்கப்போறேன்னு ஒருநாளும் சொன்னதில்ல. நேத்து அந்த கட்டைய பாத்ததுலருந்து உன் வாய் மூடல. காலைல எங்க சைட் எஞ்சினியர கேட்டேன். ஆபீஸ்ல உக்காந்து ப்ளான் போடற வேலையும் இருக்குதாம். அதுல வெயில் கம்மியாம்.”

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். சிமெண்டு என் மேலும் ஒட்டியது. இரண்டே நிமிடத்தில் வரிசையை மாற்றினேன். பூட்டப் போனபோதுதான் உறைத்தது. மாற்றியதைச் சேமித்துப் பூட்ட ஓடிபி வேண்டும், அது அப்பாவின் போனுக்குத்தான் வரும். அப்பாவோ வேலூரிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். ஓட்டும்போது போனைத் தொடவே மாட்டார், கூப்பிட்டுப் பார்த்தும் யாரும் எடுக்கவில்லை. அந்த எண் வந்தால் பத்து நிமிடத்துக்குள் போட்டாக வேண்டும் வேறு.

“வேங்கிக்கால் ஸ்டாப்புல புடிக்கலாம் வா” என்று அம்மா செருப்பை மாட்டினாள்.

மறுநாள் பௌர்ணமி. கிரிவலத்துக்கு முந்தின நாளே கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து போய்ச் சேர்ந்தோம். நாலே காலுக்கு வரவேண்டிய பேருந்து வரவில்லை. நாலரைக்கும் வரவில்லை. நாலே முக்காலுக்கு அதன் முகம் தெரிந்தபோது நான் நடுரோட்டுக்கே போய்விட்டேன்.

அப்பா எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனார். “இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா?”

“யாருக்கும் ஒண்ணும் இல்ல. போன் எங்க?” என்றாள் அம்மா.

போன் கண்டக்டரின் பையில் இருந்தது, அவரோ கூட்டத்துக்கு அப்பால் பின்படிக்கட்டில் நின்றார். வண்டி நிற்க முடியாது, பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஏறிக்கொண்டோம். கம்பியைப் பிடித்தபடி பொத்தானை அழுத்தினேன். குறுஞ்செய்தி வந்துவிட்டது. ஆனால் கண்டக்டருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியவில்லை. கிரிவலத்துக்கு வந்திருந்த ஓர் அம்மாள் போனை வாங்கி ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாக வாசித்தார். அருகில் நின்றவர்களும் எனக்குக் கேட்க வேண்டுமே என்று திருப்பிச் சொன்னார்கள். வண்டி குலுங்கியதில் ஓர் எண் தவறிப்போனது.

“பதட்டப்படாத பாப்பா, இன்னொரு வாட்டி போடு” என்றார் அந்த அம்மாள்.

இன்னொரு வாட்டி போட்டேன். பூட்டப்பட்டது என்று திரையில் பச்சையாக எழுத்து வந்தது. ஐந்துக்கு இன்னும் நாலு நிமிடம் இருந்தது.

“ஆச்சா?” என்று சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அப்பா கேட்டார்.

“ஆச்சு” என்று பாதி பேருந்து பதில் சொன்னது. எந்தக் கல்லூரி என்று ஒருவர் விசாரித்தார். அம்மா முந்திக்கொண்டு சொன்னாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில் ஒதுக்கீடு வந்தது. முதலிடத்தில் வைத்ததே கிடைத்திருந்தது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். ஆட்டோவுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், எதிர்வீட்டு அக்காவின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு வேங்கிக்காலுக்கு ஓட்டிப்போனேன். அம்மா இரண்டாம் மாடிச் சாரத்தில் நின்றிருந்தாள். கீழிருந்தே கத்திச் சொன்னேன். மேஸ்திரி கொத்துக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

அம்மா சாரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தாள். பிறகு கேட்டாள்: “ஹாஸ்டல்ல கொசு ஜாஸ்தியானு அன்னிக்கே கேக்க மறந்துட்டமே, யார கேக்கறது இப்ப?”