தலையெழுத்துக்குத் தேதி கிடையாது

சிறப்பாசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அந்த அம்மாளை எல்லோரும் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடம் சிறப்பு வகுப்பு எடுத்தவர். குழந்தையின் முன்னேற்றத்தைக் கட்டத்தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால், அந்தக் கோட்டை எப்படிப் படிப்பது என்பதே இப்போது அவர் நடத்தும் பாடம். ஏறும் கோட்டை யாரும் படித்துவிடலாம், படுத்துக் கிடக்கும் கோட்டைப் படிப்பதுதான் படிப்பு என்பார். கோடு படுத்ததும் குழந்தை மேல் பழி போடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு மூக்கின் மேல் கோபம் வரும்.

அன்று மேலதிகாரி ஒரு படிவத்தோடு பயிற்சிக் கூடத்துக்கு வந்தார். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்கிறாள் என்ற கோடு, ஆறு மாதமாக நாலுக்கும் பத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. ‘கற்கும் திறன் இல்லை’ என்று படிவத்தில் முன்பே தட்டச்சு செய்திருந்தார்கள். புள்ளியக்கா கையெழுத்துப் போட்டால் அவள் பெயர் பள்ளிப் பதிவேட்டிலிருந்து போய்விடும்.

“போட்டுக் குடுங்கம்மா. ஆறு மாசம் பார்த்தாச்சு. அது அந்தப் பொண்ணு தலையெழுத்து.”

“தலையெழுத்துக்குத் தேதி கிடையாது சார். புள்ளிக்கு இருக்கு. உட்காருங்க.”

சிறுமியின் ஆசிரியை மூன்றாவது பெஞ்சில் தலை குனிந்திருந்தாள். அவளுடைய பதிவேட்டை வாங்கிய புள்ளியக்கா, தேதியையும் எண்ணையும் கரும்பலகையில் எழுதினார். “ஒரு கட்டம் ஒரு நாள். வகுப்பு நடக்காத நாளுக்குக் கட்டத்தைக் காலியா விடுங்க. அந்த இடத்துல கோடும் இழுக்கக் கூடாது.”

நாற்பது பேரும் வரைந்தார்கள். படிவத்தோடு இருந்த பழைய தாளில் தோளோடு தோள் ஒட்டி நின்ற புள்ளிகள், இப்போது மூன்று கொத்தாகப் பிரிந்து நின்றன. நடுவே வாரக்கணக்கில் வெற்றுக் கட்டங்கள்.

“என்ன தெரியுது?”

“ஏறுதுக்கா. ஒவ்வொரு கொத்துலயும் ஏறுது” என்றார் கடைசி பெஞ்சுக்காரர். “அடுத்த கொத்துல திரும்ப அடியிலேர்ந்து ஆரம்பிக்குது.”

“நடுவுல என்ன ஆச்சு?”

ஆசிரியை எழுந்தாள். “நான் வகுப்புல இல்லக்கா. கணக்கெடுப்புக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டு தடவை.”

“அனுப்புன உத்தரவுல யாரு கையெழுத்து?”

அவள் பார்வை முன்வரிசைக்குப் போனது. நாற்பது தலைகளும் மேலதிகாரி பக்கம் திரும்பின.

“இது பயிற்சியா, விசாரணையா?” என்று அவர் எகிறினார்.

“வரைபடம் படிக்கிற பயிற்சிதான் சார். படிச்சுட்டோம்.”

“வேலை பத்திரம்மா.”

“இத்தனை வருஷமாப் பத்திரமாத்தான் வச்சிருக்கேன். இதுக்குத்தான்.”

தட்டச்சு வரியின் குறுக்கே கோடு கிழித்துவிட்டு, ‘குழந்தை கற்கிறாள். வகுப்புதான் நடக்கவில்லை’ என்று எழுதி, அதன்கீழ் கையெழுத்திட்டார். புதிய வரைபடத்தையும் அதோடு பின் குத்தி இணைத்துக் கொடுத்தார். அந்தப் படிவத்தை வைத்து யாரும் சிறுமியின் பெயரை நீக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தையல் இயந்திரத்தில் குனிந்திருந்த கணவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிப் போட்டுடேன்.”

“அந்த ஆபீசுக்கு எழுத்து படிக்க வராதுங்க” என்றார் புள்ளியக்கா. “கட்டத்தாளை எடுங்க. எத்தனை பள்ளிக்கூடத்துல எத்தனை நாள் காலின்னு வரைஞ்சு அனுப்புறேன்.”