பழைய கடையில் வாங்கிய நினைவகம்

இது நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. நாய் ஊளையிடவில்லை. ஜன்னல் படபடவென்று அடித்துக்கொள்ளவில்லை. பட்டப்பகல், மணி இரண்டு நாற்பது. பேய்க்கும் ஒரு நேரம் காலம் உண்டு என்று நான் நம்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

என் மனைவி ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பவள். அவள் வேலை பார்த்த அலுவலகத்தை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. கடைசியில் கிடைத்தது ஒரு பெரிய முதலாளியின் சுயசரிதை. அவருக்கு மூன்று பட்டங்கள். மூன்றும் அவர் செலவில் நடந்த விழாக்களில் அவருக்கே கிடைத்தவை. முதல் பகுதியைப் பிழையில்லாமல் அன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்பினால் மீதி வேலை முழுவதும் இவளுக்கு. இல்லையென்றால் வேறு ஆளுக்கு.

எங்கள் கம்ப்யூட்டருக்கோ வயது பதினொன்று. நினைவகம் இரண்டு ஜிபி. ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால், யோசித்துச் சொல்கிறேன் என்பதுபோல உட்கார்ந்துவிடும்.

"புது மெஷின் எதுக்கு மாமா, தண்டச் செலவு? பழைய ரேம் ஒரு நாலு ஜிபி போட்டாப் போதும், பறக்கும்," என்றான் மனைவியின் தம்பி. வீட்டில் அவனுக்கு 'விஞ்ஞானி' என்று பெயர். வைத்தது நான்.

பழைய உதிரிபாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து பச்சை நிறப் பட்டை ஒன்றை எடுத்தார். அதன் தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார்.

"எதுல இருந்து கழட்டினது?" என்றேன்.

"ஆபீஸ் மெஷின் சார்."

"எந்த ஆபீஸ்?"

ரப்பர் தூளை ஊதினார். "ஓடலைன்னா கொண்டாங்க."

கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. எனக்கு அப்போதே சந்தேகம். முகர்ந்து பார்த்தேன். லேசாகக் கருகல் வாசனை.

விஞ்ஞானி பிளக்கைப் பிடுங்கினான். பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பிலிருந்த மின்சாரத்தை இறக்கினான். பட்டையின் இரண்டு ஓரங்களையும் கட்டைவிரலால் அழுத்தினான். டிக்... டிக். கை நின்றது, வாய் நிற்கவில்லை.

"ரேம்ல எதுவும் தங்காது மாமா. கரண்ட் இருக்கற வரைக்கும்தான் ஞாபகம். பிளக்கைப் பிடுங்கினா சுத்தமா மறந்துடும்."

"செத்தவங்களுக்குக் கட்டறதும் நினைவகம், இதுவும் நினைவகமா?"

"உங்களுக்கு எல்லாமே கிண்டல்தான்," என்று மனைவி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

2.40. ஆறு ஜிபி என்று திரை சொன்னது. கம்ப்யூட்டர் உண்மையிலேயே பறந்தது. விஞ்ஞானியும் பெருமையில் கூடவே பறந்தான்.

3.12.

"ஏங்க... நான் அடிக்காததெல்லாம் வருது."

எழுந்து போய்ப் பார்த்தேன். முதலாளி ஒன்பது வருடத்துக்கு முந்தைய தீ விபத்தை விவரித்துக்கொண்டிருந்தார். 'கிடங்கு முழுவதும் எரிந்தது. என் நிர்வாகத் திறமையால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.' அதன் கீழே ஒரு வரி.

கதவு பூட்டியிருந்த்து.

'இருந்தது' இல்லை, 'இருந்த்து'. என் மனைவி பசியோடு இருப்பாள், பிழையோடு இருக்க மாட்டாள்.

"டேய், உன் வேலையா?"

"அக்கா மேல சத்தியமா இல்ல மாமா. மெஷினே வார்த்தையை நிரப்புதோ என்னவோ."

ஒரு கணம் மனைவியின் மேல்கூடச் சந்தேகம் வந்தது. முதலாளிகளை அவளுக்குப் பிடிக்காது.

அழித்தாள். 3.20க்கு மறுபடி வந்தது. அழித்தாள். 3.31க்கு மறுபடி.

கீபோர்டின் வயரைப் பிடுங்கி, அதை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

டக்... டக்... டக்...

சத்தம் மடியிலிருந்து வரவில்லை. மனைவியின் ஹெட்போனிலிருந்து.

கதவு பூட்டியிருந்த்து. வெளியே இருந்து.

பிளக்கைப் பிடுங்கினேன். இரண்டு நிமிடம் காத்திருந்தேன். திரும்பப் போட்டேன்.

3.44. எந்தக் கோப்பையும் திறக்கவில்லை. வெறும் திரையில் எழுத்து.

நான் உள்ளே இருந்தேன்.

விஞ்ஞானி தானே போய்ப் பிளக்கைப் பிடுங்கினான்.

பட்டையைக் கழற்றினோம். தொட முடியாத சூடு.

"முதலாளிகிட்ட இதைக் கேக்கணும்ங்க," என்றாள் மனைவி.

"முதல்ல வேலையைக் காப்பாத்திக்கோ." சொன்னது நான்தான்.

பழைய இரண்டு ஜிபியில் ஊர்ந்து ஊர்ந்து முடித்தாள். மூவரும் ஆளுக்கொரு முறை படித்தோம். நாற்பது பக்கம், வேறு ஒரு வரியும் இல்லை. 5.52க்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை 9.15. முதலாளியே கூப்பிட்டார். ஒலிப்பதிவில் மேடை ஏறி நின்ற குரல், இப்போது தரையில் கிடந்தது.

"அம்மா... நாப்பத்தோராம் பக்கத்தை யாரு அடிச்சது?"

"நாப்பது பக்கம்தான் அனுப்பினேன் ஐயா."

அதைக் காதில் வாங்காமல் சொல்ல ஆரம்பித்தார்.

"வேலை முடியற வரைக்கும் கிடங்கு ஆபீஸ்ல டைப் அடிக்கற அந்தப் பொண்ணை வெளிய விடாதீங்க, பூட்டுங்கன்னு சொன்னது நான். அப்புறம், தீப்பிடிச்ச அன்னைக்கு அவளுக்கு லீவுன்னு பதிவேட்டுல எழுதச் சொன்னதும் நான்தான். அவ வீட்டுல எங்கயோ ஓடிப்போயிட்டான்னு நினைச்சுக்கிட்டாங்க..." நிறுத்தினார். "அவ வேற ஏதாவது அடிச்சாளாம்மா?"

"அவங்க பேரு என்னங்க ஐயா?"



"ஞாபகம் இல்லம்மா."

அழைப்பு அறுந்தது.

வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. காவல் நிலையத்துக்குப் போனோம். "செத்தவங்க பேரு?" என்றார்கள். தெரியாது என்றோம். பேனாவை மூடிவிட்டார்கள்.

ஆறு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. வழவழப்பான தாள். தீ விபத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இடப்பக்கம் நாற்பது. வலப்பக்கம் நாற்பத்திரண்டு.

அச்சகக்காரர் எனக்குத் தெரிந்தவர். "ஏன்யா, உங்க ஆளுங்களுக்கு எண்ணத் தெரியாதா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

"தாளை மாத்தினோம். தகட்டை மாத்தினோம். அந்தப் பக்கத்துல எதைப் போட்டாலும் வேற ஒரு வரிதான் விழுந்துச்சு. கடைசில அந்த நம்பரையே விட்டுட்டோம்."

"என்ன வரி?"

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கழிவுத்தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

முழுக்க வெள்ளை. நடுவில் மட்டும்...

என் பேரைப் போடுங்க.