கேரம் போர்டின் தாழ்ந்த மூலை

ஆவிகள் இங்கிலீஷில்தான் பேசும் என்பது நான் படித்த கல்லூரி விடுதியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தமிழில் பேச வேண்டுமென்றால் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் பரப்பி வைக்க வேண்டும். அதற்கு எந்த ஆவிக்கும் பொறுமை கிடையாது. இருபத்தாறு எழுத்தையும் துண்டுக் காகிதங்களில் எழுதி கேரம் போர்டில் சுற்றி வைப்போம். நடுவில் மருந்து குடிக்கிற அவுன்ஸ் கிளாஸைக் கவிழ்த்து, ஆளுக்கொரு விரலை அதன்மேல் வைப்போம். கேள்வி கேட்டால் கிளாஸ் நகர்ந்து எழுத்தெழுத்தாகப் பதில் சொல்லும். யாராவது களவாகத் தள்ளினால் அவள் விரல் நகம் வெளுத்துவிடும். அதை வைத்துத்தான் கள்ளியைப் பிடிப்போம்.

இந்த வித்தையோடு நான் மின்னி பே போய்ச் சேர்ந்தேன். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேண்டும்; என் வீட்டுக்காரருக்கு அந்தமானில் சர்க்கார் வேலை. நான் வந்த மூன்றாம் மாதமே அவரை வேறொரு தீவில் இருக்கிற ஹட் பேக்குக் கட்டட வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். குவார்ட்டர்ஸில் இந்தப் பக்கம் பெங்காலிக் குடும்பம், அந்தப் பக்கம் தெலுங்குக் குடும்பம். எனக்கோ இந்தியில் 'பானி', 'நமக்' தாண்டி ஒன்றும் வராது. வாயைத் திறந்து பேச எனக்கு இருந்த ஒரே ஆள், சரிவுக்குக் கீழே குடியிருந்த தூத்துக்குடி அக்கா. அவள் வீட்டுக்காரர் டுங்கி என்கிற சின்னப் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை.

ஓர் ஆனி மாதம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. டுங்கியும் திரும்பவில்லை. பர்மாப் பக்கம் ஒதுங்கியிருப்பார், அப்படிப் போய் ஜெயிலில் கிடந்து வந்தவர்கள் உண்டு என்றார்கள் சிலர். மற்றவர்கள் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். பிள்ளையோடு வந்துவிடு, அம்மா சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள் என்று தூத்துக்குடியிலிருந்து அண்ணன் எழுதினார். போவதா, காத்திருப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் பிள்ளையை என் வீட்டுத் தரையில் தூங்கப் போட்டுவிட்டுக் கேட்டாள்:

"தங்கச்சி, காலேஜுல ஆவியக் கூப்ட்டுப் பேசுவோம்னு சொன்னியே. அவிய எங்க இருக்காவன்னு கேட்டுச் சொல்லு."

கழுத்தில் கிடந்த ஜெபமாலையைக் கழற்றி அடுப்படி ஜன்னலில் வைத்தாள். "ஃபாதருக்குத் தெரிஞ்சா கோயில் வாசல்ல கூட நிக்க விடமாட்டாவ" என்றாள்.

என் வீட்டுக்காரரின் கேரம் போர்டில் எழுத்துகளைப் பரப்பி உட்கார்ந்தோம். அன்று சத்தியமாக நான் தள்ளவில்லை. விரல் சும்மா கிடந்தது. "அவிய எங்க?" என்றாள். கிளாஸ் நகர்ந்து எஸ்ஸில் முட்டியது. பிறகு ஈ. பிறகு ஏ. அதோடு நின்றுவிட்டது.

"என்ன தங்கச்சி அர்த்தம்?"

"கடல்" என்றேன். என் வாய் முந்திக்கொண்டது.

அவள் விரலை எடுத்தாள். தூங்குகிற பிள்ளையைப் பார்த்தாள். "அப்ப சரி. அடுத்த ஜஹாஸுக்குப் பேரு குடுத்துருதேன்" என்றாள். ஊருக்குப் போகும் கப்பலுக்கு அங்கே அதுதான் பெயர்.

அவள் போன பிறகு போர்டைக் குனிந்து பார்த்தேன். அந்த ஊர் ஈரத்தில் பலகை நெளிந்து, என் பக்கத்து மூலை தாழ்ந்திருந்தது. கைக்கு வந்தபடி நான் வைத்த எழுத்துகளில் அந்த மூலையில் விழுந்தவை ஏ, ஈ, எஸ், டி. பள்ளத்தைப் பார்த்துத்தான் கிளாஸ் போயிருக்க வேண்டும். இதை அவளிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு அப்போது இருந்த கவலையே வேறு. இவள் போய்விட்டால் நான் யாரிடம் பேசுவேன்? அவள் புருஷன் போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் போவதுதான் பெரிதாகப் பட்டது. இதை எழுத இப்போதும் கூசுகிறது.

மறுநாள் நானே கூப்பிட்டேன். "எக்கா, நேத்து கிளாஸ் பாதியிலேயே நின்னுட்டுன்னு நெனைக்கேன். இன்னொருக்க கேப்போம்."

இந்த முறை தள்ளினேன். பள்ளத்தில் தள்ள அதிக பலம் வேண்டாம். ஆனாலும் நகம் தெரியாதபடி முந்தானையை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். ஈ, ஏ, எஸ், டி.

"ஈஸ்ட். அப்படின்னா கிழக்கு" என்றேன். கிழக்கே பர்மா இருக்கிறது என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர் காணாமல்போன பிறகு முதல்முறையாக அவள் வாய்விட்டு அழுதாள். ஜஹாஸுக்குக் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

பிறகு வாரத்துக்கு ஒரு மத்தியானம் உட்கார்ந்தோம். ஈஸ்ட் வராத வாரமே கிடையாது, அந்த நாலு எழுத்தும் அக்காவுக்கே மனப்பாடமாகிவிட்டது. ஈட் என்று வரும், சாப்பிடுகிறார் என்பேன். டீ என்று வரும். டீ கிடைக்கிறது என்பேன். சீட் என்று வரும். உட்கார இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பேன். அந்த நாலு எழுத்துக்குள் ஒரு மனிதரை நான் தின்னவைத்து, குடிக்கவைத்து, உட்காரவைத்து உயிரோடு வைத்திருந்தேன். வீட்டுக்கு வரச்சொல்லத்தான் முடியவில்லை. 'ஹோம்' என்ற சொல்லுக்கு வேண்டிய மற்ற எழுத்துகளெல்லாம் மேட்டு மூலைகளில் இருந்தன. எழுத்துகளை இடம் மாற்றினால் அவளுக்குச் சந்தேகம் வரும். அங்கே ஏற்ற வேண்டுமானால் அழுத்தித் தள்ள வேண்டும், முந்தானை விலகி நகம் காட்டிக்கொடுத்துவிடும்.

பொய்யை நான் ஆரம்பித்தேன், பிறகு அது என்னைப் பிடித்துக்கொண்டது. டீ போடும்போது மூன்று டம்ளர் எடுத்து வைத்துவிட்டுத் திடுக்கிடுவேன். மழை விட்டதும் யாரோ சரிவில் ஏறிவருவதுபோல இருக்கும். கதவைத் திறந்து பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். அவர் உயிரோடு இருந்தபோது அவரை நான் நாலு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அவர் இருமல்கூட எனக்குக் கேட்க ஆரம்பித்தது.

அக்கா மர மில்லில் பலகை அடுக்கப் போனாள். நவம்பரில் எல்லோரும் கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோகும் நாளில் அவள் மட்டும் வீட்டில் இருந்தாள். அவள் அம்மா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தபோதும் கிளம்பவில்லை. "நான் மெயின்லேண்ட் போயிருக்க நேரத்துல அவிய வந்துட்டா?" என்றாள். நான் வாயில் புடவையை அழுத்திக்கொண்டு அழுதேன். அம்மாவுக்காக அழுவதாக நினைத்து அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

ஆறு வருடம் கழித்து எங்களுக்கு மாற்றல் வந்தது. கடைசி மத்தியானம் அக்கா மகளோடு வந்தாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒன்பது வயது. பள்ளியில் இங்கிலீஷ் படிக்கிறது. அதுவும் ஒரு விரலை வைத்தது. இன்று தள்ளுவதில்லை, என்ன வந்தாலும் எல்லாவற்றையும் சொல்லி, காலைப் பிடித்தாவது மன்னிப்புக் கேட்பது என்று முடிவுசெய்திருந்தேன்.

கிளாஸ் போயிற்று. எஸ், ஈ, ஏ. நின்றது.

"சீ" என்று பள்ளிக்கூட ராகத்தில் படித்தது பிள்ளை. "சீன்னா கடல்மா."

"எக்கா, நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

அதற்குள் கிளாஸ் மறுபடி நகர்ந்தது. ஈ. என் நகத்தைப் பார்த்தேன், சிவப்பாகத்தான் இருந்தது. ஏ. பிள்ளையின் விரல் பட்டும்படாமல் இருந்தது. எஸ். அக்காவின் நகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. டி.

"படி பிள்ள" என்றாள்.

"ஈஸ்ட். கிழக்கு."

"ஆமா. அப்பா கெழக்கதான் இருக்காவ." மகளிடம்தான் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை. எழுந்துபோய், வழக்கம்போல ஜன்னலில் கழற்றி வைத்திருந்த ஜெபமாலையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். மறுநாள் கப்பல் கரையை விட்ட பிறகுதான் உறைத்தது: ஆறு வருடமும் என் நகத்தை மறைப்பதிலேயே குறியாக இருந்தேன், அவள் நகத்தை ஒரு நாளும் பார்க்கவில்லை.