சின்ன மெஷினுக்காகச் சண்டை போட்ட எஸ்தர்

எஸ்தர் இறந்துபோன செய்தி சனிக்கிழமை காலை நம் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மூளையில் ரத்தக்கசிவு. நாற்பத்து மூன்று வயது. பத்து நிமிடத்துக்குள் கூப்பிய கைகள் வரிசை கட்டின. "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று எழுதியவர், எஸ்தர் பேச வாயெடுத்தாலே ஹெட்போனை மாட்டிக்கொண்டவர். அந்தக் கைகளில் ஒரு ஜோடி என்னுடையது. அதனால் இதை எழுத எனக்கும் பெரிய யோக்கியதை கிடையாது. ஆபீஸில் நீங்கள் யாரும் எழுதமாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஆரணியில் பட்டுக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் வீடியோ கேம் செய்துகொண்டிருந்தோம். கேம், டிவியில் மாட்டி ஆடும் இரண்டு கன்சோல்களில் ஒரே நாளில் வரவேண்டும். ஒன்று விலை கூடிய பெரிய மெஷின், இன்னொன்று மெமரியும் வேகமும் குறைந்த மலிவு மெஷின். பெரியதில் உள்ள வசதி எல்லாம் சின்னதிலும் இருக்கவேண்டும் என்பது மெஷின் கம்பெனியின் நிபந்தனை. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வருடம் முழுக்கப் பெரிய மெஷினில் ஓட்டிப் பார்த்து முதுகைத் தட்டிக்கொள்வோம். கடைசி இரண்டு மாதத்தில் சின்னதை அலமாரியிலிருந்து எடுத்து, கேம் திணறியதும் மெஷினைத் திட்டுவோம். புரோகிராமராக எஸ்தர் சேர்ந்த முதல் நாளே அதை எடுத்துத் தன் மேஜையில் வைத்தார். தினமும் சந்தவாசலிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் அதில்தான் முதலில் ஓட்டிப் பார்ப்பார். நாம் சிரித்தோம்.

ஒரே டிவியில் திரையைப் பாதியாகப் பிரித்து இருவர் ஆடும் பகுதி, கேமில் தேரோடும் தெரு வந்ததும் சின்ன மெஷினில் நின்று நின்று ஓடியது. அதைச் சின்னதில் மட்டும் வெட்டிவிட விலக்கு கேட்டு மெஷின் கம்பெனிக்குக் கடிதம் எழுதலாம் என்றார் நம் மேனேஜர் சேகர். "ஒரு மொக்க மெஷினுக்காக நம்ம கேமை ஏன் கெடுக்கணும்?"

"இன்னா சார் பேசிகினு இருக்கீங்க?" என்றார் எஸ்தர். "பெரிய மெஷின் வாங்கறவன் தனி ரூம்ல குந்தி தனியா ஆடுவான். சின்னது வாங்கற ஊட்லதான் ரெண்டு பேரு ஒரே டிவி முன்னாடி இருப்பாங்க. அவங்களுக்கா வெட்டறீங்க?"

சேகர் கடிதத்தை எழுதிவிட்டார். கடிதத்தில் சேகருக்குக் கீழே கையெழுத்துப் போட்டவன் நான்.

கடிதம் போவதற்கு முன் எஸ்தர் மூன்று வாரம் அவகாசம் கேட்டு வாங்கினார். அவர் கண்டுபிடித்த குற்றவாளி, கேமின் படங்களுக்குப் பொறுப்பாளனான நான்தான். தேர்க்கூட்டத்தில் முந்நூறு பேர். கீழே கடையில் இருந்த புடவைகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, ஜரிகை இழை எண்ணக்கூடிய அளவில் எல்லாருக்கும் உடுத்தியிருந்தேன்; சின்ன மெஷினின் மெமரியை அந்தப் படங்களே தின்றன. எஸ்தர் ஒரு படத்தைத் திரை நிறையப் பெரிதாக்கி என்னைக் கூப்பிட்டார்.

"தெருக்கோடி மாடியில நிக்கற அம்மாவோட ஜரிகைய யாரு சார் எண்ணப் போறாங்க? ஊடு முழுக்க குப்பைய ரொப்பிகினு, ஊடு சின்னதுன்னு பேஜார் பண்றீங்க."

"ஆரணிக்காரன் செஞ்ச கேம்ல பட்டு மட்டமா இருந்தா சிரிப்பாங்க" என்றேன். இதைச் சொல்ல அன்று எனக்குக் கூச்சமே இல்லை.

"மொதல்ல கேம் ஓடட்டும் சார். அப்புறம் சிரிக்கட்டும்."

தூரத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் சின்னப் புடவைப் படங்கள் சிலவற்றையே பொதுவாக உடுத்தினார். அப்படியும் சின்ன மெஷினில் விளக்கு வெளிச்சத்தில் விழும் நிழல்களை நீக்கவேண்டியிருந்தது. படம் கொஞ்சம் மங்கியது. அதை அவர் மறைக்கவில்லை. "இல்லாதது இல்லாததுதான். இருக்கறதையும் நாமளே தின்னுட்டு அதும்மேல பழி போடக்கூடாது, அவ்ளோதான்." இருவர் ஆட்டம் ஓடியது. பெரிய மெஷினிலும் முன்னைவிட நன்றாக ஓடியது. சின்னது நம்மைப் பின்னுக்கு இழுக்கிறது என்று புலம்பிய ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கேம் வெளிவந்த பிறகு சேகர் சென்னையில் ஒரு விழாவில் மேடையேறி "எங்கள் குழுவின் சாதனை" என்று பேசினார். அதற்குள், எதிர்த்துப் பேசிய குற்றத்துக்காக எஸ்தரை ஒன்றுக்கும் உதவாத வேலைக்கு மாற்றி, அவராகவே ராஜினாமா செய்யும்படி ஆக்கியிருந்தோம். கேம் வெளிவருமுன் விலகியவர் பெயர் கேமின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் வராது என்பது சேகர் வைத்த விதி. இரண்டு வாரம் வந்து டீ குடித்துப் போன சேகருடைய மைத்துனர் பெயர் மட்டும் வந்தது. பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான்.

அடக்கம் முடிந்து சந்தவாசல் கல்லறைத் தோட்டத்தில் நின்றிருந்தபோது எஸ்தரின் தங்கை கிரேஸ் என்னிடம் வந்தார்.

"அந்த கேம நானும் அக்காவும் ரெண்டு பேரா ஆடி முடிச்சோம் சார். எங்க ஊட்ல இருக்கறது சின்ன மெஷின்தான். கடைசில பேரெல்லாம் ஓடுச்சி இல்ல, அக்கா கண்ண எடுக்காம பாத்துகினே இருந்தாங்க."

"ஏதாவது சொன்னாங்களா?"

"'எழுத்த எவ்ளோ பெருசா வெச்சிருக்கான் பாரு, மெமரி வேஸ்ட்'னு சிரிச்சாங்க. அப்புறம் மறுபடியும் மொதல்லேர்ந்து ஓட வுட்டாங்க."

மறுநாள் சேகரிடம் போய், கேமின் அடுத்த திருத்தப் பதிப்பிலாவது எஸ்தர் பெயரைச் சேர்க்கலாம் என்றேன். "ஒரு பேருக்காக எல்லாத்தையும் மறுபடி டெஸ்ட் பண்ணணுமா?" என்றார். அந்த மனிதரிடம் கேட்கப் போன என்னைத்தான் சொல்லவேண்டும்.

எஸ்தரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, பட்டியலை அவர் இரண்டாம் முறை ஓடவிட்டது. முதல் முறை கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்று தேடியிருக்கிறார். முதலில் தட்டச்சு செய்திருந்த அந்தப் பெயரை அழித்ததும் நான்தான் என்பதால், அவர் எந்த வரியில் தேடியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.