கொள்ளிவாய்க்கு உடைத்த தேங்காய்

என் கொழுந்தன் எலியேசரைப் பற்றி ராஜபாளையத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் பேசுவார்கள். பஞ்சு அரைக்கும் ஆலையில் அவனுக்குப் பிட்டர் வேலை. எந்த மெஷின் முரண்டு பிடித்தாலும் அவன் போய்த் தட்டினால் ஓடும். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தவறியதில்லை. ஆனால் யாராவது பேய் என்று வாயெடுத்தால் போதும், சோற்றில் கை வைத்தவன் அப்படியே எழுந்து வந்துவிடுவான்.

பயந்து அல்ல, விசாரிக்க. புளியமரத்தில் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னால், எந்தக் கிளை, கால் தொங்கியதா மடங்கியிருந்ததா, முடி முன்னால் விழுந்ததா பின்னால் விழுந்ததா என்று போலீஸ்காரன் தோற்றுப்போகும்படி துருவுவான். இதையெல்லாம் நம்புகிறாயா என்று ஒரு நாள் நானே கேட்டேன்.

"பேயாவது ஒண்ணாவது. ஆனா பயம் நெசந்தான மதினி? இல்லாத ஒண்ணு எப்படி எம்புட்டுப் பெரிய ஆளையும் ஓட வைக்கி?" என்றான்.

அடுப்பில் வேலை கிடக்கிறது என்று போய்விட்டேன்.

மற்றவர்கள் பார்த்த பேயைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் தானே பேய் செய்ய ஆரம்பித்தான். பழைய காகிதத்தை ஊறவைத்து வெந்தயத்தோடு ஆட்டினால் கூடை பின்னிய மாதிரி கெட்டியான பெட்டி செய்யலாம் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் தெரியும். என் ஆட்டுரலிலேயே அதை ஆட்டி, சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் அப்பி, இவன் மண்டையோடு செய்தான். பல்லுக்குச் சுரைவிதை. கண்ணுக்குச் சோடாப் போத்தல் கோலி. தொங்குகிற நாக்குக்குச் சைக்கிள் டியூபை வெட்டிச் சிவப்புச் சாயம். முடிக்கு, ஆலையில் தள்ளிவிடுகிற கழிவுப் பஞ்சை அடுப்புக்கரியில் புரட்டியெடுத்தது. வெந்தய வாசனைக்கு எலி வந்து மூக்கைத் தின்றுவிட்டுப் போனது. மூக்கில்லாததே எடுப்பாயிருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டான். எனக்குத்தான் அந்த ஆட்டுரலில் பிறகு இட்லிக்கு அரைக்கவே மனம் வரவில்லை.

என் வீட்டுக்காரர் பஞ்சுத் தரகுக்காக விருதுநகர், கோயில்பட்டி என்று அலைகிறவர். ஒருமுறை ஊர் திரும்பிக் கொல்லைக் கதவைத் திறந்ததும் ஒரு மூங்கில் கை ஸ்பிரிங்கில் எகிறி அவர் தோளைத் தட்டியது. மனுஷர் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு நடுத்தெருவில் போய் நின்றார். தம்பியைத் திட்டுவார் என்று பார்த்தால், அவன் பின்னாலேயே ஓடி, "அண்ணே, கை பட்ட பொறவு பயந்தியா, பட முன்னாலயா?" என்று கேட்டான். அவரும் யோசித்துப் பதில் சொன்னார். அந்தக் குடும்பத்தில் வாக்கப்பட்டது என் தலையெழுத்து.

எலியேசரின் மனைவி இன்பம் வத்திராயிருப்புக்காரி. கட்டிக்கொண்டு வந்த புதிதில் அலமாரியைத் திறந்தால் எலும்பு விழும், அவள் அதை எடுத்து ஒட்டடை அடிப்பாள். அவளுக்கு ஒரே ஒரு பயம்தான் உண்டு. முதல் பிள்ளை ஞானஸ்நானம் பெறுவதற்கு முன்பே போய்விட்டது. கர்த்தரிடத்தில்தான் இருக்கும் என்று எங்கள் சபைப் போதகரான ஐயர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். பிறகு அடுக்களையில் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவாள். இரண்டாவது பிறந்தது ஒரு பெண். அதற்கும் நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் முடிந்து இரண்டாவது ஞாயிறு அதற்கு ஞானஸ்நானம் என்று ஐயர் குறித்துக் கொடுத்தார். அந்த நாள் வருகிற வரைக்கும் இன்பம் பிள்ளையைக் கீழே விடவே இல்லை.

அந்த வருஷம்தான் எலியேசருக்கு ஆசை முற்றியது. தேர்த் திருவிழாவில் ராட்டினம் போடுகிற மைதீன் பிச்சை அவனுக்குச் சிநேகிதம். ராட்டினத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கொடுத்தார். நாலு பக்கமும் சாக்குப் படுதா கட்டி, உள்ளே இருட்டாக்கி, வளைந்து வளைந்து போகிற மாதிரி வழி விட்டு, கோடியில் ஒரு மாடம் அமைத்து அதற்குள் தன் பொம்மையை நிறுத்தினான். அதற்குக் கொள்ளிவாய் என்று பேர் வைத்திருந்தான். முகத்துக்குக் கீழே ஒரு விளக்கு. வெளிச்சம் கீழேயிருந்து மேலே போனால் எந்த முகமும் கோரமாகிவிடும் என்பது அவன் கண்டுபிடிப்பு. எங்கள் வீட்டுக் கண்ணாடி முன் விளக்கை வைத்துத் தன் முகத்திலேயே சோதித்துப் பார்த்தவன்.

வாசலில் மைதீன் பிச்சை காலணா வாங்கிப் போட்டுக்கொண்டு, "வாங்க, வாங்க, பேயப் பாத்துட்டுப் போங்க" என்று கூவினார். நானும் படுதாவுக்குப் பின்னால் நின்றேன், நாக்கு ஆடுவதற்கான கயிற்றை இழுக்க ஆள் வேண்டுமே. ஜனங்கள் உள்ளே வந்தார்கள். நான் இழுத்தேன். நாக்கு ஆடியது, கண் பளபளத்தது. ஒருவரும் அலறவில்லை. ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

அடுத்து வந்தவள் கூமாப்பட்டி இருளம்மாள். காட்டு வேலை செய்து வெயிலில் காய்ந்த சம்சாரி வீட்டுப் பொம்பிளை. செத்த நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே போய், தேங்காயும் சூடமும் வாங்கிக்கொண்டு, இன்னொரு காலணா கொடுத்துத் திரும்பி வந்தாள். காணாமற்போன பசு கிடைக்க வேண்டும் என்று வாய்விட்டு வேண்டி, தேங்காயை உடைத்து, சூடத்தைக் கொளுத்தி அந்த விளக்குக்குப் பக்கத்திலேயே வைத்தாள். காகிதப் பொம்மை, பஞ்சு முடி! எலியேசர் பதறிப்போய் ஓடிவந்து சூடத்தை மிதித்து அணைத்தான்.

"ஆத்தா, இது சாமி இல்ல, பேயி! நான் செஞ்சது, காயிதம்!"

"எல்லாச் சாமியும் யாராவது செஞ்சதுதானய்யா. மண்ணுல செஞ்சா என்ன, காயிதத்துல செஞ்சா என்ன."

"இதப் பாத்தா உனக்குப் பயமா இல்லையா?"

"என்னையவே பாத்துக்கிட்டுல்லா நிக்கி. நம்மளப் பாக்குத சாமிக்கு எதுக்குப் பயப்படணும்?" என்றாள் அவள்.

மறுநாள் அவள் பசு தானாக வீடு வந்து சேர்ந்ததாம். மாடு என்றால் பசித்தால் வரத்தானே செய்யும்? ஆனால் அதை யாரிடம் சொல்ல? அதற்கடுத்த நாள் விடிந்தபோது படுதா வாசலில் பூவும் பழமுமாக ஒரு கூட்டம். மைதீன் பிச்சை தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏ எலியேசரு, நான் ராட்டினக்காரன்யா, என்னையப் பூசாரியாக்கிட்டியே" என்றார். நாங்கள் கொள்ளிவாயைச் சாக்கில் சுற்றி மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம். ஒருத்தர்கூடப் பயப்படவில்லை என்பது எலியேசருக்கு அவமானமாயிருந்தது.

வண்டி வருவதற்கு முன்பே சேதி வந்துவிட்டது. சபை மூப்பர் சின்னத்துரை கருப்பட்டி மண்டி வைத்திருந்தவர். மூன்று தலைமுறையாகச் சபையில் இருக்கிற குடும்பம். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. யார் வீட்டுத் தோரணத்தில் மாவிலை அதிகம் தொங்குகிறது என்றுகூடப் பார்த்து வைத்துக்கொள்கிற மனுஷர். அவர் ஐயரிடம் போய், எலியேசர் விக்கிரகம் செய்தான், அதற்குத் தேங்காய் உடைத்தார்கள், அவன் சபைக்கு முன்னால் எழுந்து நின்று விக்கிரகம் செய்தேன் என்று அறிக்கையிடுகிற வரைக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கூடாது என்று சொல்லிவிட்டார். ஐயர் சாதுவானவர். மூப்பரை மீறிச் செய்ய அவரால் ஆகவில்லை.

எலியேசர் அறிக்கையிட மாட்டேன் என்றான்.

"பேய் செஞ்சேன்னு ஆயிரம் தடவ சொல்லுதேன். சாமி செஞ்சேன்னு எப்படிச் சொல்ல? பொய்யில்லா அது?"

"உமக்கு உம்ம பொம்மை பெருசு" என்று இன்பம் ஒரு சொல் சொன்னாள். அவள் அவனிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிள்ளை அவள் தோளில் கிடந்து கீச்சுக் கீச்சென்று இழுத்துக்கொண்டிருந்தது. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நேரே மண்டிக்குப் போய் நின்றேன்.

"மூப்பரே, கண்ணால காணாம விக்கிரகம்னு சொல்லலாமா? வந்து பாருங்க. கும்பிடத் தோணுனா விக்கிரகம். பயம் வந்தா பேயி."

"பயமா, எனக்கா?" என்று சிரித்தார். ஆனால் நியாயத்துக்குக் கட்டுப்படுகிறவர்தான். "சரிம்மா, சனிக்கிழமை மத்தியானம் வாரேன். பாத்துட்டுச் சொல்லுதேன்."

பொம்மையை மாற்றக்கூடாது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எலியேசர் கொள்ளிவாயை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆலைக்குப் போனான், வந்தான், மறுபடி உட்கார்ந்தான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், "மதினி, அந்தம்மா சொன்னது சரிதான். சாமின்னா நம்மளப் பாத்துத்தான இருக்கு? இந்தப் பக்கம் எந்த ஊரு எல்லையிலயாவது முதுகக் காட்டிக்கிட்டுச் சாமி நிக்கா?" என்று கேட்டான். நான் யோசித்துப் பார்த்தேன். அய்யனார் கோவில் அருவிக்குப் போகிற வழியிலே எத்தனை சிலை பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு எனக்கும் ஆர்வம் பிடித்துக்கொண்டது. சும்மா சொல்லக்கூடாது, அடுப்பை மறந்து அவனோடு உட்கார்ந்துவிட்டேன்.

நாக்கைப் பிடுங்கினான். கண்ணைப் பிடுங்கினான். பல்லை ஒவ்வொன்றாய் உதிர்த்தான். முகம் முழுக்க வெள்ளைப் பஞ்சை வழவழவென்று ஒட்டினான். விளக்கே வேண்டாம் என்றான். பின்கட்டு அறையின் சன்னலைச் சாக்கால் மூடி, மூலையில் அதை உட்காரவைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி, சுவரைப் பார்த்துத் திருப்பிவிட்டான். கையில் என்னுடைய முறம். சைக்கிள் சக்கரமும் ஆலை பெல்ட்டுத் துண்டும் வைத்து, பக்கத்தில் கட்டிய படுதாவுக்குப் பின்னாலிருந்து நான் சுற்றினால் முறம் தானாகப் புடைக்கும். முறத்தில் ஒரு மணி தானியமில்லை.

சனிக்கிழமை மூப்பர் வந்தார். பட்டப்பகல். தெருவில் பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்கிறது. குடையை வாசலில் சாத்திவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு அறைக்குள் தனியாக வந்தார். நான் சக்கரத்தைச் சுற்றினேன். சர், சர், சர் என்று முறம் புடைத்தது.

"யாரும்மா அது, இன்பமா?" என்றார்.

முறம் புடைத்தது. அவர் இன்னும் கிட்டே வந்தார். "ஏம்மா, உன்னையத்தான்."

எலியேசர் சொல்லிவைத்திருந்தபடி நான் சக்கரத்தை நிறுத்தினேன். சத்தம் நின்றது. மெல்லக் கயிற்றை இழுத்தேன். சேலை போர்த்திய தலை சுவரை விட்டு அவர் பக்கமாகத் திரும்பியது. அதில் முகம் இல்லை.

"அய்யனாரப்பா! காப்பாத்து!"

அலறியது மூப்பர்தான். தொப்பென்று தரையில் உட்கார்ந்த சத்தமும் கேட்டது. அவர் தாத்தா காலத்திலேயே விட்டுவிட்ட பேர் அது. அவர் வாயில் அது எங்கே ஒளிந்திருந்ததோ. பிறகு இளைத்த குரலில் என் பேரைச் சொல்லி, "ஏசம்மா, நீ அங்கன இருக்கியா?" என்று கேட்டார்.

"இல்ல மூப்பரே, நான் இங்கன இல்ல" என்றேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது?

மூப்பர் வெளியே வந்து, எலியேசரைப் பார்த்து, "பேய்தான். சந்தேகமில்ல. நாளைக்குப் பிள்ளையக் கொண்டாங்க" என்றார். குடையை எடுக்காமலே போய்விட்டார். இன்பம் பிள்ளையின் உச்சியில் முகத்தை வைத்து அழுதாள். எலியேசர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, "என்ன சொல்லிக் கத்துனாரு மதினி? சரியாக் கேக்கலையே?" என்றான். ஐயோ என்று கத்தினார் என்று சொல்லிவைத்தேன். சிரிப்பாய் வந்தாலும், அதை ஊருக்குச் சொல்லிச் சிரிக்க எனக்கு மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. ஐயர் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இன்பம் பிள்ளையோடு எழுந்தாள். அப்போது முன்வரிசையிலிருந்து மூப்பர் சின்னத்துரையும் எழுந்தார். என்ன இடைஞ்சல் பண்ணப் போகிறாரோ என்று நானும் பாதி எழுந்துவிட்டேன்.

"எலியேசர் செஞ்சது விக்கிரகம் இல்ல" என்றார் சபையைப் பார்த்து. "நேத்து அதப் பாத்து நான் பயந்துட்டேன். பயத்துல நான் கூப்பிட்டது கர்த்தரை இல்ல. அய்யனாரைக் கூப்பிட்டேன். அறிக்கையிட வேண்டியது அவன் இல்ல, நாந்தான்."

படுதாவுக்குப் பின்னால் நான் இல்லை என்று அவரிடம் சொல்லியிருந்தேன். ஒரு ஈ காக்கைக்கும் தெரிந்திருக்காது. அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இத்தனை வருஷம் எனக்கு ஆகாத அந்த மனுஷரை நான் அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை, அவரவர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஐயர் புஸ்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"உக்காருங்க மூப்பரே. நான் உள்ள போயிருந்தா யாரைக் கூப்பிட்டிருப்பேனோ, எனக்கும் தெரியல" என்றார்.

பிறகு பிள்ளையைக் கையில் வாங்கி, பேர் சொல்லி, தலையில் தண்ணீரை விட்டார். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அது கோயிலே அதிரும்படி வீறிட்டு அலறியது. பேர் சொல்லி யாரையும் கூப்பிட அதற்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை.