கழற்றி வைத்த இலக்கத் தகடு

எங்கள் கரையில் கடலால் வந்தவன் மீனை இறக்கியதும் எஞ்சினைக் கழற்றுவான். அதைத் தோளில் ஏற்றி, மணலில் கால் புதைய வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலடியில் வைத்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். படகை இங்கே யாரும் களவெடுப்பதில்லை. எஞ்சின் போனால் படகு வெறும் தொட்டி.

என் முதுகில் இன்னும் ஒரு ஷெல் துண்டு கிடக்கிறது. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். அதனால் நானும் மனைவியும் எஞ்சினைத் தடியில் கட்டிக் காவுவோம். அவளுக்கும் முழங்கால் வீங்கத் தொடங்கியபோது நான் பெரிய கெட்டிக்காரனாக ஒரு வேலை செய்தேன். எஞ்சினைப் படகோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, அதன் இலக்கத் தகட்டைக் கழற்றி வீட்டு அலுமாரிக்குள் வைத்தேன். பதிவுப் புத்தகம் இல்லாத மோட்டார் சைக்கிளை யார் வாங்குவான்? தகடு இல்லாத எஞ்சினையும் அப்படித்தான் தொடமாட்டான் என்று கணக்குப் போட்டேன். அந்த மடைத்தனத்தை நினைத்தால் இப்போதும் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

கோயில் திருநாளன்று ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. ஊரே பூசையில் நிற்கும், கரையில் காகம்கூட இருக்காது. இன்றைக்காவது வீட்டில் கொண்டுவந்து வைப்போம் என்று மனைவி கேட்டாள். வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு எண்ணெய் பூசிக்கொள்ளவா என்று எரிந்து விழுந்தேன். புனிதரின் சுருவம் ஊர் சுற்றி முடிந்து மத்தியானம் போய்ப் பார்த்தபோது சங்கிலி அறுந்து கிடந்தது.

ஒரு மாதத்துக்குப் பிறகு தெற்குப் பக்கக் கரையொன்றில் என் எஞ்சினைக் கண்டுபிடித்தேன். மூடிக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. வைத்திருந்தவன் என்னைப் போலவே ஒற்றைப் படகுக்காரன், யாரோ ஒரு தரகனிடம் வாங்கியிருக்கிறான். நான் முறையிட்டதும் இரண்டு பேரையும் எஞ்சினோடு பொலிசுக்குக் கூப்பிட்டார்கள். தகட்டை மேசையில் வைத்தேன். பொறுப்பதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இந்த எஞ்சினிலையிருந்து கழட்டினதெண்டதுக்கு என்ன அத்தாட்சி? ஆர் கழட்டினது?"

"நான்தான் ஐயா."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆணி ஓட்டைகள் பொருந்துகின்றன என்று காட்டினேன். இந்த வகை எஞ்சின் எல்லாவற்றிலும் ஓட்டை இதே இடத்தில்தான் என்றார். அவர் சொன்னதும் சரிதான். வாங்கினவனிடம் தரகன் எழுதிக் கொடுத்த துண்டாவது இருந்தது. எஞ்சின் அவனோடு போகட்டும் என்று முடித்துவிட்டார்.

வெளியே அவன் அதை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றினான். இனி யாருடைய படகிலாவது கூலிக்கு ஏற வேண்டும், அதுவும் இந்த முதுகை நம்பி யார் ஏற்றுவான்? அவன் புறப்படாமல் நின்றான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கிட்ட வந்தான்.

"அண்ணை, காலமையிலை ஸ்டார்ட் எடுக்குதில்லை. நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

சோக்கைப் பாதிதான் இழுக்க வேண்டும், கயிற்றின் மூன்றாவது இழுப்பில் பிடிக்கும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.